பத்து மில்லிக்குள் ஒரு பாக்கெட்: ஆல்கஹால் துடைப்பான்களை எந்த விதியில் அனுப்புவது?

ஊசி போடும் முன் நர்ஸ் கிழிக்கும் சின்ன அலுமினியத்தாள் பாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணி. அதே ஆல்கஹாலைப் பாட்டிலில் நிரப்பிக் கார்கோ கவுன்டருக்குக் கொண்டுபோனால் அது யு.என். 1219 (ஆபத்தான சரக்குக்கான ஐ.நா. அடையாள எண்), மூன்றாம் வகுப்புத் தீப்பற்றும் திரவம். துணியில் ஊறி, சீல் வைத்த பாக்கெட்டுக்குள் போய்விட்டாலோ சர்வதேச விதிப்படி அது ஆபத்தான சரக்கே அல்ல. இந்த ஒரு விலக்கைத் தெரியாமல் சிறு வியாபாரிகள் பலர் தேவையில்லாத டி.ஜி. (ஆபத்தான சரக்கு) கட்டணம் கட்டுகிறார்கள். இன்னும் சிலர் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு, விலக்கே இல்லாத பெரிய டப்பாக்களைச் சாதாரணப் பார்சலாக அனுப்பிவிடுகிறார்கள். இரண்டாவது கூட்டம்தான் கவலைக்குரியது.

திடப்பொருளில் ஊறிய தீப்பற்றும் திரவத்துக்கு ஐ.நா. மாதிரி விதிகளில் யு.என். 3175 என்று தனி எண் உண்டு. வகுப்பு 4.1, அதாவது தீப்பற்றும் திடப்பொருள்; பேக்கிங் குரூப் 2 (ஆபத்தின் அளவைச் சொல்லும் தரம்: 1 மிக அதிகம், 3 குறைவு). அதோடு ஒட்டிவரும் சிறப்பு விதி 216தான் இங்கே நாயகன். ஐயாட்டா எனப்படும் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதிப் புத்தகத்தில் இதன் பெயர் ஏ46. அமெரிக்க உள்நாட்டு விதிகளில் எண் 47. மூன்றும் சொல்வது ஏறக்குறைய ஒன்றே: சீல் வைத்த பாக்கெட் ஒவ்வொன்றிலும் 10 மில்லிக்குக் குறைவாக, பேக்கிங் குரூப் 2 அல்லது 3ஐச் சேர்ந்த தீப்பற்றும் திரவம் திடப்பொருளில் உறிஞ்சப்பட்டிருந்து, உள்ளே தனியாகத் திரவம் தேங்காமல் இருந்தால், ஆபத்தான சரக்கு விதிகள் அதற்குப் பொருந்தா.

ஒவ்வொரு சொல்லுக்கும் இதில் எடை உண்டு. 10 மில்லி 'வரை' அல்ல, 10 மில்லிக்குக் 'குறைவாக'. சரியாகப் பத்து என்றால் விலக்கு போயிற்று. பேக்கிங் குரூப் 1க்கு இடமே இல்லை. கொதிநிலை 35 டிகிரியைத் தாண்டாத திரவங்கள் அதில் வரும். டைஎத்தில் ஈதர் அப்படிப்பட்டது. நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் 56 டிகிரியில் கொதிக்கிறது. தீப்பற்றும் வெப்பநிலை பூஜ்யத்துக்கு வெகு கீழே இருந்தாலும் அது குரூப் 2தான். ஆகவே அசிட்டோன் துணி போகலாம், ஈதர் துணி போகாது. மெத்தனாலுக்கு நச்சு வகுப்பும் சேர்ந்திருப்பதால் இந்த வாசல் பக்கமே போக வேண்டாம்.

தனித் திரவம் இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. பாக்கெட்டைச் சற்று நேரம் செங்குத்தாக நிறுத்திவைத்து, கீழ் மூலையைக் கத்தரித்து, ஒரு காகிதத்தின் மேல் சாய்த்துப் பிடித்தால் போதும். துணி ஈரமாக இருக்கலாம். மூலையிலிருந்து சொட்டக் கூடாது. சொட்டினால் நிரப்பும் இயந்திரம் துணியின் தாங்குதிறனுக்கு மேல் ஊற்றுகிறது என்று பொருள். சப்ளையரிடம் பேச வேண்டிய விஷயம் அது.

இந்த விலக்கின் பெரிய பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு பாக்கெட்டுக்கு வரம்பு உண்டே தவிர, ஒரு பெட்டிக்கு வரம்பு சொல்லப்படவில்லை. ஒரு துணிக்கு அரை மில்லி என்று வைத்துக்கொண்டாலும், 4,000 பாக்கெட் அடங்கிய அட்டைப்பெட்டியில் இரண்டு லிட்டர் ஆல்கஹால் பயணம் செய்கிறது. அதற்கு லேபிளும் கிடையாது, அறிவிப்புப் படிவமும் கிடையாது. பக்கத்தில் 50 மில்லி சானிடைசர் பாட்டில் ஒன்றே ஒன்றுக்கு இந்த நடைமுறைகள் எல்லாம் உண்டு. முதல் பார்வைக்கு முரணாகத்தான் தோன்றும். ஆனால் ஒரு பாக்கெட் கிழிந்தால் வெளியே வருவது அரை மில்லி திரவத்தின் ஆவி. பாட்டில் உடைந்தால் தரையில் ஓடும் திரவம். விதியில் எனக்குக் குறை தெரியவில்லை.

216க்குப் போட்டியான மாற்று வழிகளில் முதலாவது, ஈ.கியூ. எனப்படும் விலக்களவு. யு.என். 3175க்குக் கிடைப்பது ஈ2 குறியீடு: உள் பொதிக்கு 30 கிராம், வெளிப் பொதிக்கு 500 கிராம். இங்கே எடை என்பது துணியும் திரவமும் சேர்ந்த எடை. மேலும் 1.8 மீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பார்க்கும் சோதனை, 24 மணி நேர அடுக்குச் சோதனை, கோடுபோட்ட ஓரம் கொண்ட முத்திரை எல்லாம் வேண்டும். துடைப்பான் விற்பவருக்கு இது அநேகமாகப் பயன்படாது. சிறிய பாக்கெட் 216இலேயே போய்விடும், பெரிய பாக்கெட் 30 கிராமைத் தாண்டிவிடும்.

இரண்டாவது, எல்.கியூ. எனப்படும் வரம்பளவு. டப்பாவில் சுருட்டி வைத்து ஒவ்வொன்றாக இழுத்தெடுக்கும் துடைப்பான்களுக்கும், ஒட்டும் மூடி வைத்த பத்துத் துணி பாக்கெட்டுகளுக்கும் உண்மையான வழி இதுதான். அவற்றில் மொத்தத் திரவம் பத்து மில்லியைச் சுலபமாகத் தாண்டும். உள் பொதிக்கு ஒரு கிலோ, முழுப் பெட்டி 30 கிலோ. அமெரிக்காவில் தரைவழி என்றால் மேலும் கீழும் கறுப்பான வைர முத்திரை ஒட்டினால் போதும், சரக்குத் தாள் கூடத் தேவையில்லை. விமானம் என்றால் கதை மாறுகிறது. வைரத்துக்குள் 'ஒய்' எழுத்து, 4.1 லேபிள், பயிற்சி பெற்றவர் கையெழுத்திட்ட அறிவிப்பு, பெட்டிக்கு நிகர எடை 5 கிலோ. டப்பாவின் அடியில் திரவம் தேங்கியிருந்தால் அது 3175க்குள்ளேயே வராது. மூன்றாம் வகுப்புக்குப் போய், விமான வரம்பளவு ஒரு லிட்டராகச் சுருங்கிவிடும். டப்பாவை விமானத்தில் அனுப்ப நினைப்பவர்களுக்கு என் ஆலோசனை: அனுப்பாதீர்கள். அதே துணியைத் தனிப் பாக்கெட்டாக வாங்கி விற்பது மலிவு.

முழு அறிவிப்போடு அனுப்பும் வழியும் உண்டு. பயணிகள் விமானத்தில் பெட்டிக்கு 15 கிலோ, சரக்கு விமானத்தில் 50 கிலோ. அது தொழிற்சாலைகளுக்கான வழி.

216இன் பலவீனம் விதியில் இல்லை, கவுன்டரில் இருக்கிறது. கூரியர் ஊழியர் எம்.எஸ்.டி.எஸ். எனப்படும் பாதுகாப்புத் தகவல் தாளில் போக்குவரத்து பற்றிய 14ஆம் பிரிவைப் பார்ப்பார். அங்கே தயாரிப்பாளர் ஆல்கஹாலுக்கான யு.என். 1219 என்று மட்டும் எழுதியிருந்தால் பார்சல் நிற்கும். பாக்கெட்டுக்கு எத்தனை மில்லி, தனித் திரவம் இல்லை, ஏ46இன்படி விலக்கு என்ற மூன்றையும் தயாரிப்பாளரின் லெட்டர்ஹெட்டில் வாங்கி இன்வாய்ஸோடு வைப்பது நல்லது. அப்போதும் ஒரு நிறுவனம் தன் சொந்த விதிப்படி மறுக்கலாம். விதியை விடக் கடுமையாக இருக்க அவர்களுக்கு உரிமை உண்டு. தபால் இன்னும் கறார். தீப்பற்றும் பொருள் என்று கண்ணில் பட்டாலே கவுன்டரில் கை விரித்துவிடுவார்கள், ஏ46 அங்கே எடுபடும் என்று நம்பிப் போக வேண்டாம்.

வாசனைத் திரவிய மாதிரிகள் அனுப்புபவர்களும் 216ஐப் பற்றி விசாரிப்பதுண்டு. குப்பியில் இருப்பது தனித் திரவம் என்பதால் அது பொருந்தாது. அவர்களுக்கு ஒரு மில்லி வழி இருக்கிறது: குப்பிக்கு ஒரு மில்லி வரை, பெட்டிக்கு மொத்தம் 100 மில்லி வரை. முத்திரையும் படிவமும் வேண்டாம், ஆனால் விலக்களவுக்கான பொதிச் சோதனைகளில் பெட்டி தேற வேண்டும். வாசனையைக் காகிதப் பட்டையில் ஊறவைத்து சீல் செய்தால் மறுபடி 216க்குள் வந்துவிடலாம். அப்போது நூறு மில்லி கணக்கும் போய்விடும்.