12 வெள்ளிக்கு ஒரு மகாராணி

சிங்கப்பூர் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் பழைய புத்தகக் கடைகள் இன்னும் சில மிச்சமிருக்கின்றன. போன சனிக்கிழமை நான் நுழைந்த கடையில் கால் வைக்க இடமில்லை. வரலாறு எல்லாம் சமையல் புத்தகங்களுக்கு அடியில். முதுகுவலிக்காரர்கள் யோசித்துப் போங்கள். குனிந்து குடைந்ததில் சிக்கியது ஆஞ்சூவின் மார்கரெட்டைப் பற்றிய கெட்டி அட்டைப் புத்தகம், 12 வெள்ளி.

இங்கிலாந்தின் ஆறாம் ஹென்றியைக் கட்டிக்கொண்டு 1445இல் பிரான்சிலிருந்து வந்தபோது இந்த அம்மாவுக்கு வயது 15. சொல்லிக்கொள்கிற மாதிரி சீதனம் இல்லை. இங்கிலாந்து வசமிருந்த மேன் பகுதியைப் பிரான்சுக்கு விட்டுக்கொடுத்த பழியும் இவர் தலையில்தான் விழுந்தது. 1453இல் ராஜாவுக்குச் சித்தம் கலங்கியது. பிறந்த பிள்ளையைக் கொண்டுவந்து காட்டியும் மனுஷன் அசையவில்லை. ஆட்சியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மார்கரெட் கேட்டார். பிரபுக்கள் ராஜாவின் உறவினரும் பின்னால் எதிரியுமான யார்க் கோமகனிடம் கொடுத்தார்கள். பிள்ளை ராஜாவுக்குப் பிறந்ததே இல்லை என்றும் ஊர் பேசியது.

இங்கே எனக்குப் பெரிய அத்தை ஞாபகம் வந்துவிட்டது. மாமா வாதத்தில் படுத்ததும் கடைக் கல்லாவில் உட்கார்ந்தவர். "புருஷனை முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கா" என்றவர்கள்தான் மாசக் கடைசியில் அவரிடம் கடனுக்கு அரிசி வாங்கினார்கள்.

புத்தகத்தில் எனக்குப் பிடித்த பகுதி 1461. செயின்ட் ஆல்பன்ஸ் போரில் யார்க் பக்கத்தாரை ஜெயித்துப் புருஷனையும் மீட்டாகிவிட்டது, ஆனால் லண்டன் கதவைத் திறக்கவில்லை. ராணியின் வடக்கத்திப் படை சூறையாடும் என்ற பயம். ஜெயித்த ராணி வந்த வழியே திரும்புகிறார். அடுத்த மாதமே டௌட்டன் போரில் யார்க் பக்கத்தாரிடம் தோற்று எல்லாம் போயிற்று. இன்னொன்று, யார்க்கைக் கொல்லுமுன் காகிதக் கிரீடம் சூட்டி மார்கரெட் கேலி செய்வதாக ஷேக்ஸ்பியர் எழுதிவிட்டார். யார்க் செத்த சண்டை நடந்தபோது மார்கரெட் ஸ்காட்லாந்தில் இருந்தார்!

இனி என் புகார். வம்ச அட்டவணைப் பக்கத்தை யாரோ கிழித்திருக்கிறார்கள். எல்லாரும் எட்வர்ட், எல்லாரும் ரிச்சர்ட். அது இல்லாமல் எப்படிப் படிப்பது? மளிகை ரசீதுக்குப் பின்னால் நானே வரைந்துகொண்டேன். கடைக்கார அங்கிளிடம் போய்க் காட்டியபோது பேசாமல் 3 வெள்ளியைத் திருப்பித் தந்தார். நல்ல மனுஷர், ஆனால் விற்குமுன் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

கடைசி அத்தியாயத்தை ஒரே மூச்சில் படித்தேன். 1471இல் டியூக்ஸ்பரி போரில் 17 வயது மகன் போனான், அதே மாதம் லண்டன் கோபுரச் சிறையில் புருஷனும் போனார். 1475இல் பிரான்ஸ் ராஜா பதினோராம் லூயி 50,000 கிரௌன் பேசி, பிடிபட்டிருந்த இவரை மீட்டார், பதிலுக்குத் தாய் தகப்பன் சொத்துரிமையை எழுதி வாங்கிக்கொண்டார். 1482இல் மரணம்.

அதே அலமாரியில், டௌட்டனில் ஜெயித்த யார்க்கின் மகன் நான்காம் எட்வர்டின் மனைவி எலிசபெத் உட்வில் 15 வெள்ளிக்கு உட்கார்ந்திருக்கிறார். வம்சப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுப்பேன்.