ராமேஸ்வரம் ரயில் நிலையம்: தீவுக்காரன் பார்வையில்

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். வண்டிக்கும் பாலத்துக்கும் முழு மதிப்பெண், குறைத்தது உள்ளூர்ப் பயணிகளுக்கான வசதியில்.

நான் தங்கச்சிமடத்து ஆள். யாத்திரைக்கு வருகிறவர்களுக்கு இந்த ஸ்டேஷன் என்றால் இறங்கி, ஆட்டோ பிடித்து, அக்னி தீர்த்தத்துக்குப் போகிற வழியில் ஒரு பத்து நிமிஷம், அவ்வளவுதான். எங்களுக்கு அப்படி இல்லை. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள், மல்லிகைக் கன்றுகளைக் கட்டுக்கட்டாக ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துப் போகிற நர்சரிக்காரர்கள், கருவாட்டுக் கூடையோடு ஏறுகிற அக்காமார், இவர்கள் எல்லாருக்கும் குறைந்த காசில் தீவை விட்டு வெளியே போக இருக்கிற வழி இதுதான். அதனால் கட்டடம் பளபளப்பாக இருக்கிறதா என்பதைவிட வண்டி வருகிறதா, அதில் ஏற இடம் இருக்கிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

வண்டி வராமல் போனால் என்ன ஆகும் என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். 2022 டிசம்பர் 23-ஆம் தேதி பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். கப்பல் போகத் திறக்கிற நடுத் தூக்குப் பகுதி உப்பில் அரித்துப் போய்விட்டது, இனிமேல் வண்டியைத் தாங்காது என்று ஆகிவிட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறக்கிற வரைக்கும், இரண்டேகால் வருஷம், தீவுக்குள் ஒரு பயணிகள் வண்டிகூட வரவில்லை. எல்லாம் பாலத்துக்கு அந்தக் கரையில் இருக்கிற மண்டபம் ஊரோடும் ராமநாதபுரத்தோடும் நின்றுகொண்டன. காசியிலிருந்து மூன்று நாள் பயணம் செய்து வந்த வயசாளிகள் மண்டபத்தில் மூட்டை முடிச்சோடு இறங்கி, பஸ்ஸுக்கும் வேனுக்கும் அலைந்ததைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும். சர்க்கரை வியாதி, டயாலிசிஸ் என்று மதுரைக்குப் போய்வருகிற எங்கள் ஆட்கள் பட்ட பாடு தனி. இப்போது ஸ்டேஷன் ஸ்பீக்கரில் வண்டி வருகிற அறிவிப்பு கேட்டாலே ஒரு நிம்மதி வருகிறது.

புதுப் பாலத்தில் போவதைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஸ்டேஷனைப் பற்றி எழுத முடியாது, ஏனென்றால் அதைத் தாண்டாமல் இங்கே வரவே முடியாது. மொத்தம் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளம். 18.3 மீட்டர் அளவில் 99 கண்கள் (தூணுக்கும் தூணுக்கும் நடுவில் இருக்கிற பகுதியைத்தான் கண் என்பது), நடுவில் கப்பல் போவதற்காக 72.5 மீட்டரில் ஒரு பெரிய கண். பழைய பாலத்தில் அந்த நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து இரண்டு பக்கமும் சாய்ந்து எழும், ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் திறப்பார்கள். புதுசில் அந்தக் கண் அப்படியே படுத்த வாக்கில் 17 மீட்டர் உயரத்துக்கு மேலே போகிறது, மோட்டாரில் சில நிமிஷ வேலை. இந்த மாதிரிச் செங்குத்தாக எழும்புகிற கடல் ரயில் பாலம் இந்தியாவில் இதுதான் முதல்.

பழைய பாலத்தில் வண்டி 10 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும். புதுசில் 75 வரைக்கும் அனுமதி, தூக்குப் பகுதியில் மட்டும் 50. மண்டபத்திலிருந்து வரும்போது இடது பக்க ஜன்னலில் பாக் நீரிணைப் பக்கம், எங்கள் வழக்கில் பெண் கடல், அலை குறைவாகப் பச்சையாகக் கிடக்கும். வலது பக்கம் மன்னார் வளைகுடா, ஆண் கடல், ஆடி மாசக் கச்சான் காற்றில் அது பாலத்தூணில் மோதித் தெறிக்கிற நீர் பெட்டிக்குள் வரைக்கும் ஈரக்காற்றாக வரும். படிக்கட்டில் தொங்கிப் படம் எடுக்கிற பையன்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம் தம்பி, அங்கே காற்று நேராக அடிக்காது, சுழற்றி அடிக்கும்.

காற்று விஷயம் விளையாட்டில்லை. மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல் காற்று அடித்தால் பாலத்துக்கு முன்னாலேயே சிக்னல் சிவப்பு விழுந்துவிடும், வண்டி நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் இருக்கிற நாளில் மண்டபத்தில் வண்டி காத்துக் கிடந்தால் டிரைவரைத் திட்டாதீர்கள். 1964 டிசம்பர் 22 இரவு என்ன நடந்தது என்று இங்கே எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653-ஆம் எண் பாசஞ்சர் தனுஷ்கோடியை நெருங்குகிற இடத்தில் கடல் ஏறி வந்து அப்படியே இழுத்துக்கொண்டது. உள்ளே இருந்தவர்கள் 100 பேருக்கு மேல். அந்தப் புயலோடு தனுஷ்கோடி ஊரும் போயிற்று, ரயில் தடமும் போயிற்று. பாம்பன் பாலத்தில் பெரும்பாலான கெர்டர்களை, அதாவது தடத்தைத் தாங்குகிற இரும்பு உத்தரங்களை, தண்ணீர் பிடுங்கிப் போட்டது, ஆனால் நடுவில் இருந்த தூக்குப் பகுதி மட்டும் தப்பியது. பாலத்தைச் சரிசெய்ய ஆறு மாசம் குறித்திருந்தார்கள். இளம் எஞ்சினியராக இருந்த ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்துக் காட்டினார். பின்னால் கொங்கண் ரயிலும் டில்லி மெட்ரோவும் போட்ட அதே மனிதர்தான்.

அந்தப் புயலுக்கு முன்னால் ராமேஸ்வரம் பெரிய ஸ்டேஷனே இல்லை. பாம்பன்தான் ஜங்ஷன், அங்கிருந்து ஒரு கிளை இங்கே வந்தது, இன்னொரு தடம் தனுஷ்கோடிக்குப் போனது. எழும்பூரில் கொழும்புக்கு டிக்கெட் எடுத்து, தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல் ஏறி, இலங்கைக் கரையில் இருக்கிற தலைமன்னாரில் அந்தப் பக்கத்து ரயிலைப் பிடிக்கலாம், ஒரே டிக்கெட். 1914 பிப்ரவரி 24-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு வந்த ஏற்பாடு அது, போட் மெயில் என்று பேர். தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போன எத்தனையோ குடும்பங்கள் இந்தத் தடத்தில்தான் போயின, மண்டபம் கேம்ப்பில் தங்கவைத்துப் பரிசோதித்துத்தான் கப்பலேற்றுவார்கள். புயலுக்குப் பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்தே தலைமன்னாருக்கு ஓடியது, 1980-களில் இலங்கையில் போர் வந்ததும் அதுவும் நின்றது. கப்பல் போய்விட்டாலும் சென்னை வண்டியை இன்றைக்கும் எங்கள் ஊரில் போட் மெயில் என்றுதான் சொல்கிறார்கள்.

அப்துல் கலாம் ஐயா சின்னப் பையனாக இருந்தபோது, இரண்டாம் உலகப் போர் நேரம், வண்டி ராமேஸ்வரத்தில் நிற்காது. பேப்பர் கட்டுகளை ஓடுகிற வண்டியிலிருந்து வீசுவார்கள், அதைப் பொறுக்கி எடுத்து ஊருக்குள் போடுகிற வேலைதான் அவருடைய முதல் சம்பாத்தியம். ஸ்டேஷனில் இறங்குகிற பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள், அப்புறம் பேய்க்கரும்பில் இருக்கிற அவர் நினைவிடத்துக்குக் கூட்டிப் போங்கள்.

சரி, ஸ்டேஷனுக்குள் வருவோம். 2022 மே மாசம் 90 கோடி ரூபாய் போலச் செலவில் புதுப்பிக்க அடிக்கல் போட்டார்கள். வேலை நடக்கிற இடத்தில் வழியை அடிக்கடி மாற்றுவார்கள், இரவு வண்டிக்கு வருகிறவர்கள் அரைமணி முன்னதாகவே வந்துவிடுவது நல்லது. நான் இங்கே ரசித்துப் பார்ப்பது காலை நேரத்துப் பிளாட்பாரத்தைத்தான். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத் துணியோடு வந்து சேர்கிற வடக்கத்திக் குடும்பங்கள் வேட்டியையும் புடவையையும் கம்பியில் விரித்துக் காயப்போட்டிருப்பார்கள். ஒரு தடவை ஒரு பாட்டி மடியிலிருந்து சின்னத் துணி முடிச்சை எடுத்து அவிழ்த்துக் காட்டினார், சேதுக்கரை மணல். இதைக் கொண்டுபோய்க் கங்கையில் கரைத்தால்தான் யாத்திரை முடியும் என்று சைகையிலேயே சொன்னார். அவர் வரும்போது கொண்டுவந்த கங்கை ஜலம் ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் ஆகியிருந்தது. மொழி தெரியாமலே இரண்டு பேரும் கால்மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். காசி, அயோத்தி வண்டிகள் இந்த முனையிலிருந்து கிளம்புவதற்கு அவரைப் போன்றவர்கள்தான் காரணம், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஆனால் குறையைச் சொல்லத்தான் வேண்டும். தூரத்து வண்டிகளுக்குக் கிடைக்கிற கவனம் மதுரை பாசஞ்சருக்கும் கிடைக்க வேண்டும். தை அமாவாசை, ஆடி அமாவாசை வந்துவிட்டால் முன்பதிவில்லாப் பெட்டியில் கால் வைக்க இடம் இருக்காது, அந்த நாளிலும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் போய்த்தானே ஆக வேண்டும். அந்த இரண்டு நாளைக்காவது கூடுதலாக இரண்டு மூன்று பெட்டி சேர்த்து விடலாம். மதுரைக்கும் இங்கேயும் இடையில் 160 கிலோமீட்டர் போலத்தான் தூரம், பகலில் இன்னொரு பாசஞ்சர் விட்டால் தீவு முழுக்கப் பயன்படும். தனுஷ்கோடிக்கு மறுபடி தடம் போடுகிறோம் என்று 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள், அது அத்தோடு நிற்கிறது. என்னைக் கேட்டால் அந்தக் காசில் இருக்கிற தடத்தில் வண்டியைக் கூட்டுங்கள் என்பேன். இன்னொன்று, பழைய பாலத்தைக் கழற்றும்போது தூக்குப் பகுதியின் ஒரு பாதியையாவது ஸ்டேஷன் வளாகத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டால் எங்கள் பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்றும் மிஞ்சாது.

முதல் தடவை வருகிறவர்களுக்கு: கோயில் இரண்டு கிலோமீட்டருக்குள்தான், சாமான் இல்லை என்றால் நடந்தே போகலாம். ஆட்டோ என்றால் ஏறுவதற்கு முன்பே ரேட் பேசிக்கொள்ளுங்கள், தெரியாத ஆள் என்றால் கூட்டிக் கேட்பார்கள், மற்ற யாத்திரை ஊர்களிலும் இதே கதைதான். சென்னையிலிருந்து வருகிறவர்கள் சேது எக்ஸ்பிரஸிலோ போட் மெயிலிலோ இடம் கிடைக்காவிட்டால் புதுப் பாலம் திறந்த அன்று விட்ட தாம்பரம் வண்டியைப் பாருங்கள், திருவாரூர், பட்டுக்கோட்டை, காரைக்குடி வழியாக வருகிறது, டெல்டாக்காரர்களுக்கு அது பெரிய உபகாரம். அமாவாசைக்கு வருவதாக இருந்தால் முன்பதிவு திறக்கிற அன்றே எடுத்துவிடுங்கள், தட்கலை நம்பி இருக்காதீர்கள்.