தாடை மூட்டில் சீழ்: ஊசியா, கேமராவா, கத்தியா?

காதுக்கு முன்னால் வீங்கி, காய்ச்சலும் அடித்து, வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை என்றால் வீட்டில் முதலில் பொன்னுக்கு வீங்கி என்பார்கள், அப்புறம் கடைவாய்ப் பல், அப்புறம் காது. பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் அரிதாக, பாக்டீரியா தாடை மூட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்திருக்கும், அது ரத்தம் வழியாகவும் வரலாம், பக்கத்துக் காதிலிருந்தோ பல்லிலிருந்தோ பரவியும் வரலாம். அந்த மூட்டை யாரும் நினைத்துப் பார்க்காததால்தான் நாட்கள் வீணாகின்றன.

ஒரு அடையாளம் சொல்கிறேன். பல்லைக் கடித்துப் பார்த்தால் வலிக்கிற பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் மட்டும் ஒன்றோடொன்று சேராது, மோவாயும் எதிர்ப்பக்கம் லேசாக ஒதுங்கி நிற்கும். மூட்டுக்குள் கோத்த நீர் தாடை எலும்பின் தலையைக் கீழே தள்ளுவதால் இப்படி ஆகிறது. இதை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சரி, எந்தப் படம் எடுப்பது? பல் மருத்துவமனையில் எடுக்கும் ஓ.பி.ஜி., அதாவது இரண்டு தாடையையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே, ஆரம்ப நாட்களில் சுத்தமாக இருக்கும், அதைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. மூட்டில் நீர் கோத்திருப்பதை எம்.ஆர்.ஐ. சீக்கிரமே காட்டிவிடும், ஆனால் நேரம் பிடிக்கும், சின்னக் குழந்தை என்றால் மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். படம் தெளிவாகத் தெரிய ரத்தக் குழாயில் சாய மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. வேகமானது, எலும்பு அரித்திருக்கிறதா, சீழ் சுற்றுவட்டாரத்துக்குப் பரவியிருக்கிறதா என்பதற்கு அதுதான் நல்லது. சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை அளவுகள் ஏறியிருந்தால் உடம்பில் எங்கோ அழற்சி என்று தெரியும், எங்கே என்று தெரியாது.

இவை எல்லாவற்றையும்விட மேல், ஊசி போட்டு மூட்டு நீரை எடுத்து கல்ச்சருக்கு, அதாவது என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்புவது. முழங்கால் போல் தாராளமாக நீர் வராது, மூட்டின் மேல் அறையே சுமார் ஒரு மில்லி கொள்ளளவுதான், ஒன்றும் வரவில்லை என்றால் கொஞ்சம் சலைன் செலுத்தி உறிஞ்சி எடுப்பார்கள். ஆன்டிபயாடிக்கைத் தொடங்கும் முன்பே இதை எடுத்துவிடுவது நல்லது. மருந்து உடம்புக்குள் போன பிறகு எடுத்தால் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். நோயாளி ரொம்ப மோசமாக இருந்தால் மட்டும் மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. அதிகம் அகப்படும் கிருமி ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ், அது சாதாரண ஆன்டிபயாடிக்குக்கு அடங்குமா, வான்கோமைசின் என்ற வேறு ஆன்டிபயாடிக் வேண்டுமா என்பதைக் கல்ச்சர் சொல்லும். முதலில் ரத்தக் குழாய் வழியாக, பிறகு மாத்திரையாக, மொத்தம் சில வாரங்கள் ஓடும்.

மருந்து மட்டும் போதுமா? சீழ் இருந்தால் போதாது, அதை வெளியேற்றியே ஆக வேண்டும். இரண்டு ஊசி வைத்து ஒன்றில் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலைச் செலுத்தி மற்றொன்றில் வெளியே விட்டுக் கழுவும் ஆர்த்ரோசென்டெசிஸ் எளிது, தழும்பு இல்லை, உடம்பு இடம்கொடுத்தால் மரத்துப்போகும் ஊசியோடே முடியும். என் கணிப்பில் பெரும்பாலானவர்களுக்கு முதலில் இதைத்தான் செய்ய வேண்டும். ஆர்த்ரோஸ்கோப்பியில் மூட்டுக்குள் சின்னக் கேமராவை நுழைத்து, பார்த்தபடியே உள்ளே ஒட்டிக்கொண்ட திசுக்களைப் பிரித்துவிடலாம், ஆனால் முழு மயக்கம் வேண்டும், இந்தச் சின்ன மூட்டில் கைப்பழக்கம் உள்ளவர் எல்லா ஊரிலும் கிடைக்கமாட்டார். காதுக்கு முன்னால் திறந்து செய்வது கடைசி வழி. சீழ் கெட்டிப்பட்டு அறை அறையாக இருந்தால், எலும்பு அரித்திருந்தால், கழுவியும் காய்ச்சலும் வீக்கமும் இறங்கவில்லை என்றால் தயங்கக் கூடாது. முக நரம்பின் கிளை அங்கே ஓடுவதால் நெற்றி சுருக்குவதும் கண் மூடுவதும் பாதிக்கப்படலாம் என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

எந்த வழியில் போனாலும் கடுமையான வலி அடங்கியதும் வாய் திறக்கும் பயிற்சியைத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் மூட்டு இறுகிவிடும். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, நாளுக்கு நாள் ஒன்று கூட்டுவது வீட்டிலேயே செய்யக்கூடியது. குழந்தைகளுக்குத் தாடை வளரும் இடமே அந்த எலும்பின் தலைதான், அதனால் காய்ச்சல் போய்ப் பல மாதம் ஆன பிறகும், வளர்ச்சி முடியும்வரை, முகம் ஒரு பக்கமாகக் கோணுகிறதா, வாய் முன்பு போல் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.