சிறுவாணியைத் திட்டும் முன் சம்ப் மூடியைத் திறங்கள்

சிறுவாணி அணைத் தண்ணீர் குடிக்கும் கோவையில் இந்த முறை எந்த வீட்டுக்குப் போனாலும் இதே பேச்சு: "சிறுவாணி முன்ன மாதிரி இல்லீங்க, ஒரு வாடை அடிக்குது." சொல்லிக்கொண்டே கேனைச் சாய்த்து டம்ளரில் ஊற்றுகிறார்கள். தெருக்குழாயில் கை குவித்துக் குடித்த ஊரில் விருந்தாளிக்குக் கேன் தண்ணீர்! சிங்கப்பூரில் சமையலறைக் குழாய்த் தண்ணீரையே பிடித்துக் குடித்துவிட்டு வருபவருக்கு இது நெஞ்சில் இறங்காது.

ஆர்.எஸ்.புரம் பக்கம் ஒரு வீட்டுச் சம்ப் (தரைக்கு அடியில் கட்டிய தண்ணீர்த் தொட்டி) மூடியைத் தூக்கியதும் வாடையின் பூர்வீகம் தெரிந்துவிட்டது. அடியில் நாலு விரற்கடைக்குக் கறுப்புச் சேறு. மூலை விரிசலில் வேப்பமர வேர், முடிக்கற்றை மாதிரி. மோட்டார் உறிஞ்சும் குழாயின் அடிமுனை வால்வு, அந்த ஃபுட் வால்வு, பாதி சேற்றுக்குள். கடைசியாகக் கழுவியது எப்போது என்று கேட்டால், "வீடு கட்டினப்போ" என்று பதில். சிங்கப்பூர் அடுக்குமாடிகளில் மேல்தொட்டியை ஆண்டுக்கொரு முறை உரிமம் பெற்ற பிளம்பர் பார்த்துச் சான்று தந்தாக வேண்டும். இங்கே காருக்கு வருஷா வருஷம் சர்வீஸ் உண்டு, சம்புக்குக் கிடையாது.

அணையில் இருந்து வருவது காட்டு மழைநீர், மென்னீர். கிழக்கே பீளமேடு, சிங்காநல்லூர்க்காரர்கள் பில்லூர் அணைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு சிறுவாணிக்கு ஏங்குவது தனிக்கதை. இந்தத் தண்ணீருக்கு, கரைந்த உப்பை வடிகட்டி எடுக்கும் ஆர்.ஓ. மெஷின் எதற்கு? டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஆர்.ஓ. தேவையில்லை என்று 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே சொன்னது. சிறுவாணி அந்த 500-இன் கிட்டேகூட வராது. ஒரு லிட்டர் வடிகட்ட மூன்று லிட்டரைச் சாக்கடையில் விட்டு, இருந்த ருசியையும் பிடுங்கிச் சப்பென்று ஆக்குவதற்குத்தான் மெஷின்.

கெடும் இடங்கள் இரண்டு. முதலாவது பைப். தண்ணீர் பல நாளுக்கொரு முறை வருவதால் இடைப்பட்ட நாளில் லைனில் அழுத்தம் இல்லை. கசிவு இருக்கும் இடத்தில் பக்கத்துச் சாக்கடை உள்ளே ஊறும். லைனில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர்கள் அந்தச் சாக்கடையைத் தெரு முழுக்க இழுத்துவிடுகிறார்கள். ஆகவே தண்ணீர் விட்டதும் முதல் பத்து நிமிஷத்துத் தண்ணீர் செடிக்குப் போகட்டும், சம்புக்கு வேண்டாம்.

இரண்டாவது, அந்தச் சம்ப். பைப்பில் வந்த குளோரின் சேற்றோடு மல்லுக்கட்டியே இரண்டொரு நாளில் தீர்ந்துவிடும். மீதி நாளெல்லாம் காவலில்லாத தண்ணீர்.

கழுவ உகந்த நேரம் தண்ணீர் விடுவதற்கு முந்தின நாள். மோட்டாரை ஓட்டி வற்ற வைத்தாலும் ஃபுட் வால்வுக்குக் கீழே இருப்பது ஏறாது, வாளியால்தான் அள்ள வேண்டும். மூடியை ஒரு மணி நேரமாவது திறந்து வைத்த பிறகே ஆள் இறங்கலாம். மேலே இன்னொருவர் நின்றே ஆக வேண்டும். மூச்சுமுட்டினால் இறங்கியவரால் ஏற முடியாது. சோப்பு வேண்டாம், தேங்காய் நார் போதும். சுவருக்கு பிளீச்சிங் கரைசல் அடித்து, அரைமணி விட்டு, கழுவிய தண்ணீரை வெளியே இறைத்துவிடுங்கள். விரிசலில் வேரை அறுத்தால் போதாது. நீர்க்கசிவு தடுக்கும் சிமெண்டால் அடைக்காவிட்டால் அடுத்த வருஷம் திரும்ப வரும்.

நிரம்பியதும் ஆயிரம் லிட்டருக்கு 6 கிராம் புதிய பிளீச்சிங் பவுடர்; ஐயாயிரம் லிட்டர் சம்புக்கு 30 கிராம். வாளித் தண்ணீரில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். பெரும்பாலோர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்: கலங்கலையும் கொட்டிவிட்டு "தண்ணி வெள்ளையா வருது" என்று மறுபடி சிறுவாணியையே திட்டுகிறார்கள். பாக்கெட் பிரித்துப் பல மாதம் மூலையில் கிடந்த பவுடருக்கு வீரியம் இருக்காது, அதை எவ்வளவு போட்டாலும் கணக்கில் வராது. அரைமணி கழித்து குளோரின் இருந்தால் மஞ்சளாக மாறும் ஆர்த்தோடாலிடின் சொட்டுவிட்டுப் பார்க்கலாம். குடிக்கும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். சொட்டு விட்டதும் நிறமே மாறவில்லை என்றால் சேறு இன்னும் உள்ளே இருக்கிறது, இல்லையென்றால் பவுடருக்கு வீரியம் இல்லை.

24 மணி நேரக் குடிநீர்த் திட்டத்துக்கு 2018-இல் ஒப்பந்தம் போட்டார்கள். லைனில் எப்போதும் அழுத்தம் நின்றால் சம்பே வேண்டியதில்லை. அதுவரை, வேர் நுழையாத, ரப்பர் பட்டை வைத்த மூடி ஒன்றை மாட்டுங்கள். ஓவர்ஃப்ளோ பைப் வாயில் கொசுவலையும் கட்டுங்கள். சிமெண்ட் பலகையைச் சும்மா மேலே வைத்திருப்பது மூடி ஆகாது.