அம்பாசிடருக்குப் பின்பக்கப் பட்டை: வளைத்து எடுப்பதா, புதுசு போடுவதா, கூட ஒன்று சேர்ப்பதா?

பழைய அம்பாசிடரோ பத்மினியோ பின்பக்கம் தாழ்ந்து நின்றால், வடசென்னையில் முதலில் காதில் விழும் யோசனை "கூட ஒரு பட்டை போட்டுடலாம்" என்பதுதான். பட்டை என்றால் பின் ஆக்ஸிலின் மேல் வண்டியின் பாரத்தைத் தாங்குகிற வளைந்த எஃகுத் தகடு, அதாவது லீஃப் ஸ்பிரிங். பல பட்டைகளை அடுக்கிப் பிடித்தது ஒரு கட்டு. அந்த யோசனையில் ஆச்சரியமில்லை. எண்ணூரில் அசோக் லேலண்ட், மாதவரத்தில் லாரி நிறுத்தம், மணலிப் பக்கம் கன்டெய்னர் யார்டுகள் என்று இங்கே பட்டறைகள் லாரியை நம்பித்தான் வளர்ந்தன. அந்தக் கைகளின் திறமையில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அவர்களுடைய முதல் கணக்கு பாரம். குடும்பத்தோடு வடிவுடையம்மன் கோயிலுக்குப் போய்வருகிற காருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

பட்டை தாழ்ந்துவிட்டால் அதன் விறைப்பும் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். விறைப்பைத் தீர்மானிப்பவை பட்டையின் நீளம், அகலம், தடிமன், எத்தனை பட்டை என்ற எண்ணிக்கை, எஃகின் மீள்தன்மை. வருஷக்கணக்கில் பாரம் தாங்கி வளைவு குறைந்தாலும் இவை மாறுவதில்லை, துரு தின்று மெலிந்திருந்தால் தவிர. குறைந்திருப்பது உயரம் மட்டும்தான். அதனால் உயரத்தை மீட்கிற வழியைத்தான் தேட வேண்டும். கூடுதல் பட்டை உயரத்தோடு விறைப்பையும் ஏற்றிவிடுகிறது, அதுதான் எனக்கு அதில் உள்ள முக்கியக் குறை.

எவ்வளவு ஏறும்? ஒரே தடிமனுள்ள 6 பட்டைக் கட்டில் அதே அளவில் இன்னொன்று சேர்த்தால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அதுகூடப் பரவாயில்லை. தடிமன் மாறினால்தான் வினை, ஏனென்றால் விறைப்பு தடிமனின் கன அளவில் (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏறும். 6 மி.மீ. பட்டை இருக்க வேண்டிய இடத்தில் 7 மி.மீ. பட்டை வந்தால், அந்த ஒரு பட்டை மட்டும் கிட்டத்தட்ட 60 சதவீதம் விறைப்பாகிவிடும். வேனிலிருந்து கழற்றிய ஏதோ ஒரு துண்டை வெட்டிச் சேர்க்கும்போது நடப்பது இதுதான். எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகள் குழித்த தடத்தில் பின்சக்கரம் துள்ளும், ஷாக் அப்சார்பரால் அதை அடக்க முடியாது. அம்பாசிடருக்குத் தனிச் சேசிஸும் கிடையாது, பட்டை மாட்டும் இடம் பாடியோடு சேர்ந்தது. ஏற்கெனவே துருப்பிடித்த அந்த இடம்தான் ஒவ்வொரு குத்தையும் வாங்கும். டிக்கியில் எல்பிஜி சிலிண்டர் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிற வண்டி என்றால் சரி, கூடுதல் பட்டைக்கு நியாயம் உண்டு. மற்றபடி வேண்டாம்.

பழைய பட்டையையே வளைத்து எடுப்பதுதான் செலவு குறைந்த வழி. இதில் இரண்டு விதம் உண்டு. சூடே காட்டாமல் சுத்தியலால் தட்டி வளைப்பது ஒன்று. அன்றைக்கு உயரம் வரும், சீக்கிரமே மறுபடி இறங்கிவிடும். இன்னொன்று முறையான வேலை: உலையில் 850 டிகிரிக்கு மேல் சூடேற்றி, அச்சுக்கு ஏற்ப வளைத்து, எண்ணெயில் முக்கி, அப்புறம் அதைவிடக் குறைந்த சூட்டில் மறுபடி காய்ச்சி டெம்பர் போடுவது. டெம்பரை விட்டுவிட்டால் பட்டை கண்ணாடி மாதிரி நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும். பட்டறையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "அண்ணே, எண்ணெயில போட்டதுக்கு அப்புறம் டெம்பர் போடுவீங்களா?" பதில் இழுத்தால் வேறு இடம் பாருங்கள்.

ஆனால் வளைக்கத் தகுதியான பட்டை நம் பக்கத்தில் குறைவு. காசிமேடு, ராயபுரம் உப்புக்காற்றில் நிற்கிற வண்டி, மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரைக் கடந்த வண்டி என்றால் கட்டைக் கழற்றி ஒவ்வொரு பட்டையாகத் தேய்த்துப் பார்த்தே ஆக வேண்டும். பாரம் ஏறும்போது இழுபடுவது பட்டையின் மேல்பக்கம். அங்கே துருக்குழி இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். இரு முனையிலும் வண்டியோடு மாட்டப்பட்டிருக்கிற மெயின் பட்டையில் அப்படி இருந்தால் வளைப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், பின் ஆக்ஸிலை அதனிடத்தில் பிடித்து வைத்திருப்பதே அந்தப் பட்டைதான்.

அப்படிப்பட்ட வண்டிக்குப் புதுக் கட்டுதான் என் தேர்வு, அதுவும் கம்பெனி அளவிலேயே. கடைக்குப் போகும்போது தடிமன் அளக்கிற வெர்னியர் எடுத்துக்கொண்டு போங்கள். பட்டை எண்ணிக்கை, ஒவ்வொன்றின் தடிமன், இரண்டு கட்டுக்கும் வளைவு ஒன்றுதானா என்று அளந்த பிறகு பணம் கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி சாய்ந்து நிற்கும், ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். புதுசு முதலில் கொஞ்சம் தூக்கலாக நிற்கும், ஓட ஓடச் சற்று இறங்கும்.

புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய கட்டு? பட்டையின் முனையைப் பாடியோடு இணைக்கிற ஷாக்கில் பிளேட் வாங்கலாம். பட்டை வேண்டாம், அதன் வயது யாருக்கும் தெரியாது.

இப்போதைய லாரிகளில் வருகிற பேரபாலிக் பட்டையையும் சிலர் கேட்கிறார்கள். நடுவில் தடித்து முனையை நோக்கி மெலிந்துபோகும் ஒருசில பட்டைகள், நடுவிலும் முனையிலும் மட்டும் ஒட்டும், உராய்வு குறைவு, சவாரி மிருது. அருமையான அமைப்பு. ஆனால் பழைய கட்டில் அந்த உராய்வே ஆட்டத்தை ஓரளவு அடக்குகிறது, அது போனால் ஷாக் அப்சார்பரையும் மாற்ற வேண்டிவரும். இந்தக் காருக்கென்று கணக்குப் போட்டுச் செய்தாலொழிய நான் பரிந்துரைக்க மாட்டேன். பட்டைகளைத் துரு போகத் தேய்த்து, முனைகளில் கிரீஸ் வைத்துக் கட்டினாலே அந்த மிருதுவில் நல்ல பங்கு கிடைத்துவிடும்.

எதைப் போட்டாலும், கட்டை ஆக்ஸிலோடு பிடிக்கிற யு போல்ட் புதுசாக இருக்கட்டும். பட்டை முனையில் உள்ள வளையத்தில், அதாவது கண்ணில், ரப்பர் புஷ் என்றால் அந்தக் கண் போல்ட்டுகளை ஜாக்கியில் தொங்கும்போது முழுசாக முறுக்காதீர்கள். வண்டியை இறக்கி, பாரம் சக்கரத்தில் நின்ற பிறகு முறுக்குங்கள், இல்லாவிட்டால் புஷ் முறுக்கேறிச் சீக்கிரம் கிழியும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட்டை ஒருமுறை இறுக்கி, பின்பக்கம் உயர்ந்ததற்கு ஏற்ப ஹெட்லைட்டையும் சரிசெய்துவிடுங்கள்.