இளம் கடற்காகம் பார்க்க 20–60×80 ஸ்கோப்: வேதாரண்யம் உப்பளத்தில் எப்படி?

20,000 ரூபாய்க்குள் கிடைக்கும் 20–60×80 ஸ்கோப்பை (20 முதல் 60 மடங்கு பெரிதாக்கும், 80 மி.மீ. முன்கண்ணாடியுள்ள பறவைத் தொலைநோக்கி), கம்பெனி எதுவானாலும், வேதாரண்யம் உப்பளத்திலும் கோடியக்கரைக் கடலோரத்திலும் இளம் கடற்காகம் பார்க்க வாங்கலாமா? வாங்கலாம். பெட்டிமேல் அச்சடித்திருக்கும் 60-ஐ மட்டும் மறந்துவிடுங்கள்.

80 மி.மீ. முன்கண்ணாடிக்கு 20 மடங்கில் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 4 மி.மீ.; 60 மடங்கில் வெறும் 1.3 மி.மீ. படம் இருண்டு கொழகொழவென்று ஆகிவிடும். வெயில் ஏறிப் பாத்திகளில் கானல் ஆடத் தொடங்கினால் 40 மடங்கே அதிகம். 25 முதல் 35 வரைதான் இந்த ஸ்கோப்பின் நல்ல இடம்.

அந்த இடத்தில் என்ன தெரிகிறது? பழுப்புத்தலைக் கடற்காகத்தின் முதல் குளிர்காலக் குஞ்சையும் கருந்தலைக் கடற்காகத்தின் குஞ்சையும் உட்கார்ந்த நிலையில் பிரிப்பது கடினம். வளர்ந்த பழுப்புத்தலைக்கு வெளிறிய கண் உண்டு; குஞ்சுக்கு இரண்டிலும் கறுப்புக் கண்தான். இறக்கை விரியும்வரை 20 மடங்கிலேயே காத்திருங்கள், அப்போதுதான் பறவை வட்டத்துக்குள் நிற்கும். வெளி இறகுகளின் முன்விளிம்பு நெடுக வெள்ளை ஆப்பு ஓடினால் கருந்தலை. நுனிப்பக்கம் அகலமாகக் கறுத்து, வெள்ளை உள்பக்கம் ஒதுங்கியிருந்தால் பழுப்புத்தலை. வளர்ந்த பறவையின் நுனியில் இருக்கும் வெள்ளைப் பொட்டு குஞ்சுக்கு இராது. அதைத் தேடித்தான் பலர் ஏமாறுகிறார்கள். பல்லாஸ் கடற்காகக் குஞ்சுக்கு ஸ்கோப்பே வேண்டாம். பெரிய உடல், கறுப்பு நுனியுள்ள வெளிர் அலகு, வெள்ளை வாலில் கத்தரித்தாற்போல் கறுப்புப் பட்டை. பைனாகுலர் போதும்.

ஸ்கோப்பின் குறை நிறத்தில் இருக்கிறது. வெள்ளையும் கறுப்பும் சந்திக்கும் விளிம்பில் ஊதா, பச்சைக் கீற்று வரும். வட்டத்தின் ஓரத்தில் அது இன்னும் மோசம். அலகு நிறத்தையும் கால் நிறத்தையும் பறவையை நடுவில் வைத்துப் பார்த்த பிறகே எழுதுங்கள்.

கலப்பினம் என்று சொல்லத் துடிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பொறி, கண்கண்ணாடியில் போனை வைத்து எடுக்கும் படம். பின்னால் வெள்ளை உப்பு அம்பாரம் இருந்தால் போன் வெளிச்சத்தைக் குறைக்கும். பெரிய கடற்காகங்களில் வெளிறிய ஸ்டெப்பி கடற்காகத்தின் முதுகு, அதைவிடக் கறுத்த ஹ்யூக்ளின் கடற்காகத்தின் அளவுக்குக் கறுத்துவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே சாம்பல் நிறம் ஒன்றோடொன்று கலந்தே கிடப்பதால், படத்தில் தெரியும் 'நடுத்தரச் சாம்பல்' எதற்கும் சாட்சியாகாது. திரையில் பறவைமேல் விரலை அழுத்தி வெளிச்சத்தைப் பூட்டி, பக்கத்தில் நிற்கும் பழுப்புத்தலையும் அதே படத்தில் விழும்படி எடுங்கள். முதுகு, அலகு, விரித்த இறக்கை மூன்றும் இல்லாத பெரிய குஞ்சை 'பெரிய கடற்காகம், இனம் தெரியவில்லை' என்று எழுதுவதே கௌரவம்.

கூடவே தரும் மேசை ஸ்டாண்டைத் தூக்கிப் போடுங்கள். வாடைக்காற்றில் தனி ட்ரைபாடே ஆடும். நடுத்தண்டை ஏற்றாமல், மெல்லிய கடைசிக் காலை நீட்டாமல், கொக்கியில் தண்ணீர்ப் பையைத் தொங்கவிட்டு, உட்கார்ந்து பாருங்கள். கண்பகுதி சாய்ந்த வகைதான் உட்கார வசதி, நேர்வகையை வாங்காதீர்கள்.

உப்புத்தூள் படிந்த கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தால் கீறல் நிச்சயம். முதலில் ரப்பர் ஊதியால் தூளை ஊதித் தள்ளுங்கள், பிறகு காய்ச்சி வடித்த நீர் ஒரு சொட்டு, கடைசியில்தான் மைக்ரோஃபைபர் துணி. நைட்ரஜன் அடைக்காத மாடலானால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் உள்ளே பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பா விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.