எங்கள் ஊழியர் நலத்திட்டம்: ஒரு வருடம் பயன்படுத்திய பிறகு

மாநகராட்சி வருவாய்ப் பிரிவில், சொத்துவரி கவுண்ட்டரில் இருக்கிறேன். 22 வருட சர்வீஸ். போன வருடம் எங்கள் நிர்வாகம் ஊழியர் நலத்திட்டம் என்று ஒன்றை ஆரம்பித்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு பக்கத்தில் செய்தி மடல் வரும். மருத்துவ முகாம், தடுப்பூசி, யோகா வகுப்பு, நடைப் போட்டி, மனநல ஆலோசனை என எது நடந்தாலும் அந்த மடலில்தான் முதலில் தெரியும். ஒரு வருடம் முழுக்க இதைப் பின்தொடர்ந்திருக்கிறேன், பக்கத்து இருக்கைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். வேறு நகராட்சிகளில் இப்படி ஒன்றை ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கும், ஏற்கனவே இருந்தும் எட்டிப் பார்க்காதவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில் ரத்த அழுத்தப் பரிசோதனை. எனக்கு அதிகம் பயன்பட்டதும், முதலில் என்னைப் பயமுறுத்தியதும் அதுதான்.

முதல் முகாம் தலைமை அலுவலகத்தின் மூன்றாவது மாடி ஹாலில் நடந்தது. லிஃப்ட் ஓடவில்லை. மதிய இடைவேளையில் அவசரமாகப் படியேறி, வரிசையில் நின்று, என் முறை வந்ததும் முதுகுச் சாய்வு இல்லாத ஸ்டூலில் உட்கார்ந்தேன். வெளியிலிருந்து வரவழைத்திருந்த நிறுவனத்துப் பையன் துணிக்கு மேலேயே பட்டையைச் சுற்றினான். மெஷின் காற்றடித்துக்கொண்டிருக்கும்போதே பெயர், பிரிவு, பணியாளர் எண் எல்லாம் கேட்டான். நானும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கை பிடிமானம் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. 168/104 என்று காட்டியது. "அக்கா, உடனே டாக்டரைப் பாருங்க" என்று சீட்டில் சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொடுத்தான். அன்று சாயங்காலம் வரை யாருக்கு என்ன ரசீது போட்டேன் என்பதே நினைவில் இல்லை.

ஒரு மாதம் கழித்து அடுத்த முகாம், துப்புரவுப் பிரிவின் மஸ்டர் ஷெட்டில் (வேலைக்கு வருகிறவர்களின் வருகைப் பதிவு எடுக்கிற இடம்), காலை ஐந்தரைக்கு. காலை ஷிப்ட்காரர்களுக்காக வைத்தது. யார் வேண்டுமானாலும் வரலாம் என்று மடலில் போட்டிருந்ததால் நானும் போனேன். அங்கே இருந்த நர்ஸம்மா முதலில் ஒரு நாற்காலியைக் காட்டி, "அஞ்சு நிமிஷம் பேசாம உட்காருங்கம்மா" என்றார். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் இரண்டும் தரையில் பதிந்திருக்க வேண்டும், கால்மேல் கால் கூடாது. கையை மேசைமேல் நீட்டச் சொல்லி, நெஞ்சு உயரத்துக்கு வரும்படி அடியில் ஒரு துண்டை மடித்து வைத்தார். பையில் இரண்டு அளவில் பட்டை வைத்திருந்தார். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும் என்று சொல்லி எனக்குப் பெரியதை எடுத்தார். ஒருமுறை எடுத்து, ஒரு நிமிடம் விட்டு மறுபடி எடுத்தார். 146/92. அப்புறம் 144/90.

"இருக்குதும்மா. ஆனா பதறாதீங்க. ஒரு வாரம் வீட்ல காலையும் ராத்திரியும் எடுத்து எழுதிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க."

அப்படியே செய்தேன். ஏழு நாள் சராசரி 141/89 வந்தது. முகாமிலோ ஆஸ்பத்திரியிலோ எடுத்தால் 140/90, வீட்டில் எடுத்தால் 135/85, அதைத் தொட்டாலே கவனிக்க வேண்டும் என்று டாக்டர் விளக்கினார். மாத்திரை ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. எனக்கு ரத்த அழுத்தம் இருந்ததும் உண்மை, முதல் முகாமில் வந்த அளவு தப்பு என்பதும் உண்மை. நான் மட்டுமல்ல, அன்று மூன்று மாடி ஏறி வந்த எத்தனையோ பேர் தேவைக்கு மேல் பயந்திருப்பார்கள். சிலர் ஒரேயடியாக எரிச்சல்பட்டு இனி முகாம் பக்கமே வரமாட்டேன் என்று சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

நடந்ததை விவரமாக எழுதி மடலில் இருந்த முகவரிக்கு அனுப்பினேன். இரண்டு வாரத்தில் பலன் தெரிந்தது. அடுத்த மடலின் பாதிப் பக்கத்தை "ரத்த அழுத்தம் எப்படி எடுக்க வேண்டும்" என்பதற்கே ஒதுக்கியிருந்தார்கள். அரைமணி நேரத்துக்கு முன்பிருந்து காபியும் சிகரெட்டும் கூடாது, சிறுநீர் கழித்துவிட்டு வந்து உட்காருங்கள், அளக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லாதீர்கள் என்பது வரை அதில் இருந்தது. அதற்கப்புறம் நடந்த முகாம்களில் சாய்வு நாற்காலி போடுகிறார்கள், தரைத்தளத்தில் வைக்கிறார்கள். எழுதியதைப் படித்தார்கள், திருத்தினார்கள். இந்தத் திட்டத்தின் மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

மடலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே பக்கம், பெரிய எழுத்து. என்ன, எங்கே, எப்போது, யாரெல்லாம் வரலாம், அந்த நேரம் டியூட்டியில் சேருமா என்று ஒவ்வொரு அறிவிப்பிலும் இந்த ஐந்தும் இருக்கும். கடைசிக் கேள்விக்குப் பதில் போடுவதைப் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன். முகாமுக்குப் போனால் அரைநாள் விடுப்பு போய்விடுமோ என்ற பயத்தில்தான் முக்கால்வாசிப் பேர் போகாமல் இருந்தார்கள்.

ஆனால் அந்த மடல் அலுவலக இமெயிலில் வருகிறது. மேசை வேலை பார்க்கிற எங்களுக்கு இமெயில் இருக்கிறது. தெரு கூட்டுகிறவர்களுக்கு, சாக்கடைப் பிரிவுக்கு, நீரேற்று நிலையத்தில் இரவு ஷிப்ட் பார்க்கிற பம்ப் ஆபரேட்டருக்கு, குப்பை லாரி டிரைவருக்கு இல்லை. எங்கள் வார்டு சூப்பர்வைசர் மஸ்டர் எடுக்கும்போது மடலை உரக்கப் படிப்பார், அதனால் இங்கே பரவாயில்லை. பக்கத்து வார்டில் படிக்க ஆளில்லை.

அதன் விளைவை நேரில் பார்த்தேன். போன வருடம் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டார்கள். குப்பையில் கிடக்கும் ஊசியும் பிளேடும் கையில் குத்தினால் ரத்தம் வழியாகப் பரவக்கூடிய நோய் அது. துப்புரவு வேலை செய்கிறவர்களுக்குத்தான் மற்ற யாரையும்விட இந்த ஊசி வேண்டும். மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. ஒரு நாள் மத்தியானம் என் கவுண்ட்டருக்கு ஒரு தங்கச்சி வந்தாள். வரி கட்ட வந்தவள் என்று நினைத்து டோக்கன் கேட்டேன். பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக மடித்து வைத்திருந்த ஊசி அட்டையை எடுத்து நீட்டினாள். முதல் கட்டத்தில் தேதியும் கையெழுத்தும் இருந்தன. இரண்டாவது கட்டம் காலி.

"அக்கா, ரெண்டாவது ஊசி எப்பன்னு தெரியுமா? சொன்ன தேதிக்குப் போனேன், கதவு பூட்டியிருந்தது."

ஷிப்ட் முடித்து, ஒரு மணி நேரம் அந்தப் பூட்டிய கதவு முன்னால் நின்றிருக்கிறாள். ஒரு வாரம் தள்ளி வைத்த விஷயம் இமெயிலில் எங்களுக்கெல்லாம் வந்திருந்தது. நான்கூடப் படித்துவிட்டு, நமக்கில்லையே என்று மூடிவிட்டேன். தள்ளி வைத்த தேதியும் அதற்குள் போய்விட்டது. அவள் பிரிவில் மட்டும் பதினோரு பேர் இப்படி விட்டிருந்தார்கள். மஸ்டர் ஷெட்டில் பார்த்த அதே நர்ஸம்மாவை போனில் கூப்பிட்டுக் கேட்டேன். தவணை தள்ளிப்போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போட்டுக்கொள்ளலாம் என்றார். அந்தப் பதினோரு பேருக்கும் தனியாக ஒரு நாள் ஒதுக்கிப் போட்டுவிட்டார்கள். சரி, முடிந்தது. ஆனால் அவள் வரி கவுண்ட்டரைத் தேடி வந்து கேட்டதால் தெரிந்தது, இல்லாவிட்டால்?

யோகா வகுப்பு வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு. எங்கள் கவுண்ட்டரில் கூட்டம் நெரிகிற நேரமே அதுதான். ஒருமுறை கூட என்னால் போக முடியவில்லை. சொல்லித் தருபவர் நன்றாகச் சொல்லித் தருகிறார் என்று மேல்மாடியில் இருப்பவர்கள் சொல்கிறார்கள்.

நடைப் போட்டியில் ஒரு நாளைக்கு 10,000 அடி இலக்கு. போனில் பதிவாக வேண்டும். தினமும் எட்டு மணி நேரம் நடந்தே வேலை பார்ப்பவர்கள் போனைக் கையில் வைத்துக்கொள்ள முடியாததால் பட்டியலிலேயே வரவில்லை. பரிசு எங்கள் மாடிக்குத்தான் வந்தது. அந்த 10,000 என்ற எண்ணும் டாக்டர்கள் ஆராய்ந்து சொன்னது இல்லை. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவிக்கு "பத்தாயிரம் அடி மீட்டர்" என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள், அங்கிருந்து பரவியது. சராசரி 72 வயதுள்ள பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து 2019-ல் வெளிவந்த ஆய்வில், 4,400 அடி நடந்தவர்களுக்கே 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு விகிதம் நன்றாகக் குறைந்திருந்தது, 7,500 வாக்கில் அந்தப் பலன் அதற்கு மேல் கூடாமல் நின்றுவிட்டது. நாள் முழுக்க நாற்காலியில் இருக்கிற என் மாதிரி ஆட்களை மிரட்டாமல், வாரத்துக்கு 150 நிமிடம் கொஞ்சம் வேகமாக நடங்கள், அதைத் துண்டு துண்டாகவும் நடக்கலாம் என்று சொன்னாலே போதும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்வதும் இதைத்தான்.

மனநல ஆலோசனையை நான் பயன்படுத்தியிருக்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. அபராத வட்டி விஷயத்தில் ஒருவர் கவுண்ட்டர் கண்ணாடியில் அடித்துக் கத்திவிட்டுப் போன வாரம் அது. மூன்று ராத்திரி தூக்கமில்லை. மடலில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். முதல் பத்து நிமிடம் அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. நான்கு முறை பேசினேன், தூக்கம் திரும்பியது. போனில் பேசுவது வரை யாருக்கும் தெரியாது. நேரில் பார்க்க வேண்டுமென்றால்தான் சிக்கல், படிவத்தில் பிரிவுத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். என் இருக்கைக்குப் பின்னால் இருக்கிற அண்ணன் அந்த ஒரு கையெழுத்துக்காகவே போகாமல் இருக்கிறார். அந்தக் கட்டத்தை எடுத்துவிடச் சொல்லி இரண்டு முறை எழுதிவிட்டேன்.

இந்த மாதிரித் திட்டங்களால் உண்மையில் பலன் உண்டா என்று என் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. 2019-ல் ஜாமா மருத்துவ இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. அமெரிக்காவில் ஒரு மொத்த விற்பனை நிறுவனத்தின் 160 கிளைகள், சுமார் 33,000 ஊழியர்கள். குலுக்கல் முறையில் 20 கிளைகளுக்கு மட்டும் நலத்திட்டம் கொடுத்தார்கள். ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தால், உடற்பயிற்சி செய்கிறோம் என்று சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். ரத்த அழுத்தத்திலோ, கொழுப்பிலோ, மருத்துவச் செலவிலோ, வேலைக்கு வராத நாட்களிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. வகுப்பும் போட்டியும் நடத்தினால் எல்லாம் மாறிவிடும் என்று நானும் சொல்லமாட்டேன்.

உடம்பு கெடுவது பெரும்பாலும் வேலை அமைந்திருக்கிற விதத்தில்தான். லண்டனில் பஸ் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மோரிஸ் 1953-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் ரொம்பப் பிரபலம். பஸ் ஒன்றுதான், இரண்டடுக்கு பஸ். மாடிப்படி ஏறி இறங்கிய கண்டக்டர்களைவிட உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு இதய நோய் அதிகம். அதே நகரத்தில் 1985-ல் ஆரம்பித்த இரண்டாவது வைட்ஹால் ஆய்வு, 35 முதல் 55 வயதுக்குட்பட்ட 10,308 அரசு ஊழியர்களைப் பின்தொடர்ந்தது. தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் உரிமை குறைவாக இருந்தவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்ததை அதில் கண்டார்கள்.

எங்கள் திட்டம் செய்த வேலைகளிலேயே சிறந்தது என்று நான் நினைப்பது, ஆரோக்கியம் என்ற தலைப்பில் வராத ஒன்று. ஐந்தாவது மாதத்திலிருந்து மடலோடு ஷிப்ட் பட்டியலையும் இரண்டு வாரம் முன்னதாகவே அனுப்ப ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் முந்தின நாள் ராத்திரி போனில்தான் தெரியும். நீரேற்று நிலையத்து அண்ணன் சர்க்கரை நோயாளி. எந்த வாரம் இரவு ஷிப்ட் என்று தெரிந்ததால் சாப்பாட்டு நேரத்தையும் மாத்திரை நேரத்தையும் டாக்டரிடம் கேட்டு முன்கூட்டியே மாற்றி வைத்துக்கொள்கிறார். ஆஸ்பத்திரித் தேதியை ஓய்வு நாளில் வாங்குகிறார். "இப்பதாம்மா நாளைக்கு என்னன்னு தெரிஞ்சு தூங்கறேன்" என்றார். இதற்குச் செலவு, மடலோடு கூடுதலாக ஒரு பக்கம்.

ஆகவே என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. மடலை அச்சடித்து எல்லா மஸ்டர் ஷெட்டிலும் ஒட்டி, தேதி மாறினால் ஷிப்ட் ஆரம்பத்தில் உரக்கப் படிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டால் நாலரை கொடுப்பேன். யோகா நேரத்தை மாற்றினால் நானே போய்ப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்கிறேன்.

மூன்றாவது தவணை ஊசி அடுத்த மாதம் வருகிறது. இந்தத் தடவை தேதியைப் பெரிய எழுத்தில் எழுதி, பக்கத்து வார்டு ஷெட்டின் கதவில் நானே போய் ஒட்டிவிட்டு வந்தேன். மாறினால் கூப்பிடுகிறேன் என்று சொல்லி அந்தத் தங்கச்சியின் நம்பரையும் வாங்கி வைத்திருக்கிறேன்.